எருவில் கலந்தது

கச்சிராயபாளையம்
12 ஜூலை 2023

சுபாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டாலும் நீ இருக்கும் மலையில் சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் உன்னோடு பேசினால் என் குரல் உயரும். அதனால் கடிதம். மலைப் பேருந்து நடத்துனர் வேடியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பந்தலின் வடக்கு ஓரத்தில் திராட்சைக் கொடிகள் இலை பழுத்துக் காய்ந்து போகின்றன. தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று ஒரு கொடியை அடியில் பிடித்து அசைத்தேன். மண்ணை விட்டு மேலே வந்துவிட்டது. சல்லிவேர் ஒன்றுகூட இல்லை. தோண்டினால் வேர்ப்புழு. விரல் தடிமன், வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை, சுருண்டு சுருண்டு கிடக்கின்றன. மே மாத மழைக்கு வேப்பமரத்தில் வண்டு மொய்த்தபோதே, அது மண்ணில் முட்டை வைக்கும் என்று நான் விழித்திருக்க வேண்டும்.

உன் அண்ணன் குவைத்திலிருந்து வீடியோவில் பார்த்தார். “புடுங்கிப் போட்டுட்டு கரும்ப வெச்சிக்கினு போ கமலா. ஆயுத பூஜைக்கு வரேன், ஜேசிபி கூப்ட்டு ஒரே நாள்ல முடிச்சிடலாம்” என்கிறார். அவருக்கு அது கல்தூணும் கம்பியும். என் ஊரான கம்பத்திலிருந்து திராட்சைக் குச்சி கொண்டுவந்து நான் போட்ட பந்தல் அது. உங்கள் வீட்டில் மற்றதெல்லாம் நான் வருவதற்கு முன்பே இருந்தவை.

மருந்துக் கடைக்காரர் வேரில் ஊற்ற ஒன்று தருகிறார். இரண்டே நாளில் புழு தீர்ந்துவிடுமாம். ஊற்றியிருப்பேன். ஊற்ற முடியாமல் செய்தவள் நீ. போன வருஷம் என் பந்தலுக்குள் நின்று, பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களிடம், “முந்தாநாள் மருந்தடிச்ச கொல இது, அண்ணி சொல்லலியா?” என்று கேட்டாய். கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் மழை. பழம் முழுதும் வெடித்துப் போனது. அதை நான் மறக்கவில்லை.

அன்று கூடையை வைத்துவிட்டுப் போன ஜெயம்மாள் இப்போது சொல்கிறாள்: “யக்கா, ஒன் தோட்டத்துக் கெணத்துத் தண்ணியதான் எங்க தெருவே குடிக்குது. மண்ணுல இன்னாத்த ஊத்தினாலும் எங்களாண்ட சொல்லிட்டு ஊத்து. வெஷம்னா நாங்க வரமாட்டோம்.” இந்தப் பக்கத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டத் தெரிந்தவர்கள் நான் பழக்கிய அந்த நாலைந்து பெண்கள்தான். அவர்கள் வராவிட்டால் புழு செத்தும் எனக்குப் பயனில்லை.

மேலே நீ வேலை செய்யும் உழவர் குழுவில் ஏதோ உயிர் மருந்து வளர்க்கிறீர்களாம். வேடியப்பன் சொன்னார். அது வேர்ப்புழுவைக் கொல்லுமா, கொல்லாதா? அதை மட்டும் எழுது. தத்துவம் வேண்டாம்.

கமலா


கரியாலூர்
17 ஜூலை 2023

அண்ணிக்கு,

கொல்லும்.

நீங்கள் கேட்டது அந்த ஒரு சொல். மீதியைப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், செய்முறையை மட்டும் படியுங்கள்.

இது இந்த மலை மண்ணிலிருந்தே எடுத்து வளர்க்கும் ஒரு நுண்ணுயிர். புழு இதைத் தின்ன வேண்டியதில்லை. உடம்பில் பட்டால் போதும். தோலைத் துளைத்து உள்ளே போய் அங்கேயே பெருகும். புழு முதலில் சோம்பும், பிறகு தின்பதை நிறுத்தும், பிறகு சாகும். கடை மருந்தின் வேகம் இதற்குக் கிடையாது. ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் ஆகலாம்.

வேடியப்பனின் பேருந்தில் மூட்டைகளை ஏற்றிவிட்டிருக்கிறேன். எருவில் கலந்தே அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் மக்கிய எருவோடு இன்னும் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் வையுங்கள். பிறகு வெயில் தாழ்ந்த நேரத்தில் கொடியைச் சுற்றி மண்ணைக் கிளறி, வேர்ப்பக்கம் போட்டு மூடிவிடுங்கள். சொட்டுநீர் நிற்க வேண்டாம். மண் காய்ந்தால் இது வேலை செய்யாது. இலைக்கு நீங்கள் அடிக்கும் துருசுக் கலவை இலையோடு இருக்கட்டும். அதை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீருக்குக் கேடு இல்லை. தெருவில் இருப்பவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

போன வருஷத்தைப் பற்றி. பழம் வெடித்ததற்கு வருந்துகிறேன். சொன்னதற்கு வருந்தவில்லை. தன் கையில் என்ன படுகிறது என்று ஒருத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாள் திரும்ப வந்தாலும் சொல்வேன். உங்களை முதலில் தனியே கூப்பிட்டுக் கேட்டிருப்பேனா என்று சில சமயம் யோசிக்கிறேன். கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றும் யோசிக்கிறேன். அதற்கு மேல் யோசனை போகவில்லை.

இங்கே பகல் முழுவதும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிறது. இரண்டு பெரிய குக்கர்கள், ஒரு அலமாரி, சோளம் வேகும் வாசனை. அவ்வளவுதான் என் உலகம். பேச ஆள் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இல்லை என்று எழுத நினைத்தேன். முழு உண்மை அதுவல்ல.

சுபஸ்ரீ


கச்சிராயபாளையம்
6 ஆகஸ்ட் 2023

சுபாவுக்கு,

போட்டாகிவிட்டது. நீ எழுதியபடி கலந்து, மூடி, ஒரு வாரம் வைத்து, எல்லா வரிசைக்கும் போட்டோம்.

சாக்கை விலக்கி மறுபடி கிளறியபோது நிர்மலா மூக்கைச் சுளித்தாள். “யக்கா, இன்னா இது, ஊறப்போட்ட புண்ணாக்காட்டம் நாறுது?”

“ஒன் மாமியா வெக்கிற கொழம்புக்கு இது தேவலாண்டி” என்றாள் அவள் நாத்தனார் ஜெயம்மாள்.

“அந்தக் கொழம்பத் தின்னுட்டுதான் ஒன் தம்பி தெனம் வேலைக்குப் போவுது. போயி அதாண்ட கேளு.”

சிரித்துக்கொண்டே கலந்தார்கள். பிறகு ஜெயம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “வெஷமா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

“வெசம் இல்ல. சுபா அனுப்புனது.”

“பாப்பா அனுப்பிச்சிதா? அப்டின்னா சரி.”

அவ்வளவுதான். வெறுங்கையால் அள்ளிப் போட்டார்கள். உன் பேருக்கு அங்கே அத்தனை மதிப்பு. இத்தனை வருஷம் கூலி கொடுக்கும் என் பேருக்கு இல்லை. இதையும் நான் மறக்க மாட்டேன்.

ஆனால் புழு சாகவில்லை. தினம் தோண்டிப் பார்க்கிறேன். எடுத்துக் கையில் வைத்தால் நெளிகிறது. வடக்கில் இன்னும் ஒரு வரிசை பழுத்துவிட்டது. கடைக்காரர் வழியில் நின்று, “இன்னாம்மா, மலைலேர்ந்து எரு வந்துச்சாமே, புழு நல்லாத் தின்னுதா?” என்று கேட்கிறார். உன் அண்ணன் ஜேசிபிக்காரனுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

நீ அனுப்பியதற்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் தருகிறேன். அதற்குப் பிறகு தெரு என்ன சொன்னாலும் சரி, நான் கடைக்குப் போவேன்.

கமலா


கரியாலூர்
11 ஆகஸ்ட் 2023

அண்ணிக்கு,

தினம் தோண்டாதீர்கள். தோண்டினால் மண் காய்கிறது, வேரும் அசைகிறது. ஒரு புழு நெளிவதால் அது பிழைத்துவிட்டது என்று ஆகாது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்போதும் அது நெளியும். இங்கே கண்ணாடிப் புட்டியில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்த நாளுக்கு முந்தின நாள் வரை, தொட்டால் காலை அசைத்தது.

கடை மருந்தை ஊற்றாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சுவது உங்களுக்குப் புதிது, எனக்கும் புதிது. இந்தப் பந்தல் போனால் அண்ணன் ஜெயித்ததாக ஆகும், கடைக்காரர் ஜெயித்ததாக ஆகும். நீங்கள் அந்த வீட்டில் மறுபடி எதையும் நட மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும்.

செத்த புழுக்கள் கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள். பார்க்க நன்றாக இருக்காது. அவற்றை எடுத்து எறியாமல் அங்கேயே விட்டு மூடிவிடுங்கள்.

இன்னொன்றும் எழுத வந்தேன். இரண்டு முறை ஆரம்பித்து அடித்துவிட்டேன். பேருந்தின் ஹாரன் கேட்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சுபஸ்ரீ


கச்சிராயபாளையம்
2 செப்டம்பர் 2023

சுபா,

நேற்று வடக்கு வரிசையில் தோண்டினேன். புழு செத்துக் கிடந்தது. சுண்ணாம்புக் கட்டி போல விறைத்து, மேலே வெள்ளைப் பஞ்சு. பக்கத்தில் இன்னொன்று, பாசி பிடித்தது போலப் பச்சை. எருவிலும் திட்டுத் திட்டாகப் பச்சை. தள்ளிப் போய்த் தோண்டினேன். அங்கும் அதே பச்சை.

பூசணம்.

எனக்கு எது தெரியாவிட்டாலும் பூசணம் தெரியும். கம்பத்தில் என் அப்பா தோட்டத்தில் அது இலைக்கு அடியில் வெள்ளை மாவாக வந்தது. செவட்டை என்போம். பூ எடுத்த நேரம். ஒரே வாரத்தில் பூ, பிஞ்சு எல்லாம் கருகி உதிர்ந்தது. அப்பா பந்தலுக்கு அடியில் நின்று, “தாயி, ஒத்தக் கொல கூடத் தங்கலயே” என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது சின்ன வயசு. அந்த இடம் இப்போது வீட்டுமனை.

பூசணத்துக்கு என்று வீட்டில் வைத்திருந்த துருசு, சுண்ணாம்பு அத்தனையும் கரைத்து வடக்குப் பாதியில் ஒவ்வொரு கொடிக்கும் வேரோடு ஊற்றிவிட்டேன். மண்ணில் ஊற்றாதே என்று நீ எழுதியது நினைவிருந்தது. நினைவிருந்தும் ஊற்றினேன். சங்கராபுரத்திலிருந்து இன்னும் துருசு வரச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கோ மறுநாளோ வந்ததும் தெற்குப் பாதி.

அந்தப் பச்சை உன் எருவில் இருந்ததா? இருந்தது என்றால் உனக்குத் தெரியுமா? இதற்கு நேராகப் பதில் எழுது.

வராதே. வந்து என் தோட்டத்தில் நின்று இன்னொரு முறை பேசினால், உன் அண்ணன் வரும்வரை காத்திருக்க மாட்டேன். அன்றைக்கே நானே ஜேசிபியைக் கூப்பிடுவேன்.

கமலா


கரியாலூர்
3 செப்டம்பர் 2023

அண்ணி,

தெற்குப் பாதியில் ஊற்றாதீர்கள். நீங்கள் பார்த்ததுதான் மருந்து.

அந்தப் பச்சை என் எருவில் இருந்தது. எனக்குத் தெரியும்.

அது பூஞ்சைதான். புழுவிலும் வண்டிலும் வளரும் பூஞ்சை. கொடியைத் தின்னாது. செவட்டைக்கு உயிருள்ள இலை வேண்டும், இதற்குப் புழு வேண்டும். ஒன்று இன்னொன்றாக மாறாது. புழு செத்த பிறகு வெள்ளையாக வெளியே வரும், பிறகு பச்சையாகும், அந்தப் பச்சைதான் அடுத்த புழுவைப் பிடிக்கும். நீங்கள் கண்டது நோய் அல்ல. நாம் காத்திருந்தது அதற்காகத்தான்.

இங்கே இதை வேகவைத்த சோளத்தில் வளர்க்கிறோம். பை பையாகப் பச்சைப்பசேல் என்று இருக்கும். அப்படியே அனுப்பினால் நீங்கள் வாசலிலேயே கொட்டியிருப்பீர்கள். உங்கள் அப்பா தோட்டத்துக் கதை எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் நீங்களே எனக்குச் சொன்னது. அதனால் சோளத்தை நொறுக்கி, நிறம் தெரியாதபடி எருவில் கலந்து அனுப்பினேன். எருவில் கலப்பது வழக்கம்தான். நான் கலந்தது வழக்கத்துக்காக அல்ல. நுண்ணுயிர் என்று எழுதினேன், பூஞ்சை என்று எழுதவில்லை. பொறுத்திருந்து, புழு தீர்ந்த பிறகு சொன்னால் சிரித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

போன வருஷம் உங்கள் பந்தலில் நின்று நான் கேட்டதை நீங்கள் என்னிடம் கேட்கலாம்.

என்னை நம்ப வேண்டாம். வேரை நம்புங்கள். தெற்குப் பாதியில் பச்சைப் புழு கிடக்கும் இடத்தில் ஒரு வேரைக் கீறிப் பாருங்கள். வேரில் நோய் இருக்கிறதா இல்லையா என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இருந்தால் ஊற்றுங்கள்.

சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்துபோய் ஜெயம்மாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருக்கிறார். அடுத்த பேருந்தில் இதைத் தருகிறேன். தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுக்கும்படி வேடியப்பன் அண்ணனைக் கேட்டிருக்கிறேன். நான் வர மாட்டேன். நீங்கள் சொன்னதைச் செய்பவர் என்று தெரியும்.

சுபஸ்ரீ


கச்சிராயபாளையம்
6 செப்டம்பர் 2023

சுபஸ்ரீக்கு,

தோட்டத்து வளைவில் பேருந்தை நிறுத்திவிட்டு வேடியப்பன் ஓடிவந்தார். உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். “ஒரு நிமிசம் இருங்கய்யா, உசுரு போற விசயமாம்” என்று அவர் திரும்பிக் கத்தினார். துருசு வந்து சேர்ந்து, தொட்டி நிறைய நீலமாய்க் கரைத்து வைத்திருந்தோம். வாளியோடு எல்லோரும் நின்றார்கள்.

முதலில் மனசுக்குள் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன். எல்லாவற்றையும். நீ சோளத்தை நொறுக்கியதையும், வழக்கத்துக்காக அல்ல என்று எழுதியதையும். உனக்குக் கோபம் வரலாம். அவர்கள் கைதானே அதில் இருந்தது.

பிறகு ஜெயம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க்கா, உங்க வூட்ல யாருமே சொல்லிட்டு செய்ய மாட்டீங்களா? போன வருசம் நீ, இந்த வருசம் அது. எங்களப் பாத்தா உங்க ரெண்டு பேருக்கும் எப்பிடித் தெரியுது?”

“எனக்கே தெரியாது ஜெயம்மா.”

“ஒனக்குத் தெரியாது, சரி. பாப்பாவுக்குத் தெரியுமில்ல? அது பேர சொன்னியேன்னுதானே கைய வெச்சோம்.”

நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அவளுக்கு எருவைக் கலந்ததிலிருந்து இருமல். வீசிங் அவளுக்கு முன்பே உண்டு. மழைக்கு வந்த இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். “யக்கா, இதனாலயா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும். இந்த முறை முழுதாகச் சொல்.

தெற்குப் பாதியில் நானே மண்வெட்டி எடுத்தேன். பச்சைப் புழுக்கள் கிடந்தன. அதை ஒட்டியிருந்த வேரை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை. முகர்ந்தேன், அழுகல் வாடை இல்லை. வேறு வேறு வரிசையில் பார்த்தேன். வேர் சுத்தமாக இருந்தது. உயிரோடு நெளிந்த புழு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதுவும் மெதுவாக.

கரைத்ததை இலைக்கு அடித்தோம். மண்ணில் ஊற்றவில்லை. உன் கடிதத்தைப் பார்த்து நிறுத்தவில்லை. வேரைப் பார்த்து நிறுத்தினேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வடக்குப் பாதி என்ன ஆகும்?

கமலா


கரியாலூர்
9 செப்டம்பர் 2023

அண்ணிக்கு,

முதலில் நிர்மலா அக்கா. இதைத் தள்ளிப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இந்தக் காகிதத்தையே மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையின் பெயர் மெட்டாரைசியம். அதைக் கலந்த எருவை மூக்கை மூடாமல் கிளறினார்கள் என்று சொல்லுங்கள்.

இது பொதுவாக மனிதர்களுக்கு நோய் தருவதில்லை. ஆனால் தூசியாகப் பறந்து மூச்சில் போனால் வீசிங் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதனால்தான் இருமல் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. இதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. இங்கே நாங்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் பையைத் திறக்கிறோம். தினமும் நான் கட்டிக்கொள்கிறேன், அண்ணி. உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால், ‘விஷம் இல்லை என்றால் எதற்கு மூக்கைக் கட்ட வேண்டும்’ என்று கேட்பீர்கள். கேட்டால் பூஞ்சை என்று சொல்ல வேண்டிவரும். ஒன்றை மறைத்ததற்காக இன்னொன்றையும் மறைத்தேன். அந்த இன்னொன்றுதான் ஒருத்தியின் நெஞ்சில் போயிருக்கிறது.

அவர்கள் முன்னால் நீங்கள் சத்தமாகப் படித்தது பற்றி எனக்குக் கோபம் வந்தது. படித்து முடித்துக் கடிதத்தை மடிக்கும்வரை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

வடக்குப் பாதிக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. துருசு மண்ணில் தங்கிவிடும். பூஞ்சை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. அங்கே ஏற்கெனவே வேர் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வேர் இருக்கும் கொடிகளுக்கு மறுபடி போட்டுப் பார்க்கலாம். இனி அனுப்பினால் பச்சையாகவே அனுப்புவேன். வேண்டுமா, வேண்டாமா என்று நீங்களும் அவர்களும் பேசி முடிவு செய்யுங்கள்.

நான் வரட்டுமா என்று கேட்கிறேன். வராதே என்றால் வரவில்லை.

சுபஸ்ரீ


கச்சிராயபாளையம்
26 அக்டோபர் 2023

சுபாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. முடிவு தெரியாமல் எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

உன் அண்ணன் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார். பையை வைத்தவுடன் தோட்டத்துக்குத்தான் போனார். வடக்குப் பாதி முழுதும் காய்ந்த குச்சி. அதைக் காப்பாற்ற முடியவில்லை. புழு தின்றது எவ்வளவு, நான் ஊற்றியதில் போனது எவ்வளவு என்று தெரியாது. அதைக் கணக்குப் பார்க்க எனக்கு மனசில்லை. பூஜைக்குப் படைத்த பொரி நமத்துப் போவதற்குள் ஜேசிபி வந்து நின்றது. கல்தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கம்பி அறுந்தபோது ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

வடக்கு முடிந்ததும் வண்டி தெற்கே திரும்பியது. நான் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“எழுந்து வா கமலா. பாதிப் பந்தல வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?”

“பாதிப் பழம் பறிப்பேன்.”

“ஊரே சிரிக்கும்டி.”

“சிரிக்கட்டும். நீங்க திராட்சை லாரி ஓட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தப்ப, லாரிக்காரனையா கட்டப் போறேன்னு எங்க ஊரும்தான் சிரிச்சிச்சு. கட்டிக்கிட்டேன்ல?”

ஜேசிபி ஓட்டுகிறவர் சிரித்துவிட்டார். அது உன் அண்ணனுக்கு இன்னும் கோபம். மண்ணைக் கிளறி வேரைக் காட்டினேன். புதுச் சல்லிவேர், வெள்ளை வெளேரென்று விட்டிருந்தது. பச்சைப் புழு ஒன்றையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். “இன்னா கருமம் இது” என்று உதறினார். “உங்க தங்கச்சி வளக்குறது” என்றேன். குனிந்து அந்தப் புது வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார். அடுத்த கவாத்து செய்து, காய் பிடிக்கிறதா என்று பார்ப்போம், பிடிக்காவிட்டால் மீதியும் கரும்பு. அது அவர் சொன்னது. நான் சரி என்றேன்.

ஆனால் கவாத்துக்கு ஆள் இல்லை. நிர்மலாவுக்கு உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்துவிட்டு, இதனாலும் இருக்கலாம், ஏற்கெனவே இருந்ததாலும் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இப்போது இருமல் கம்மி. ஆனால் தோட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறாள். எந்தக் கண்ணில் வெட்டுவது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவள் அவள்தான். அவள் கை இல்லாமல் நாங்களும் கத்திரி எடுக்கமாட்டோம் என்று ஜெயம்மாள் சொல்லிவிட்டாள். உன்னைப் பற்றியும் சொன்னாள்: “லெட்டர்ல எழுதறதெல்லாம் வேணாம். பாப்பா எறங்கி வரட்டும். மூஞ்சப் பாத்து சொல்லட்டும். அப்பால மூட்டயப் பிரிக்கலாமா வேணாமான்னு நாங்க சொல்றோம்.”

நேற்று நான் மட்டும் நிர்மலா வீட்டுக்குப் போனேன். பாய் எடுத்துப் போட்டாள். மருந்து எப்படி உறிஞ்சுவது என்று காட்டினாள். பிறகு, “நீ எதுக்குக்கா சங்கடப்படற? நீயும் தெரியாமதானே கலந்த” என்றாள்.

இந்த வருஷத்துக்கு அது சரி. போன வருஷம் குலைக்கு மருந்தடித்துவிட்டு அவளைப் பறிக்கச் சொன்னபோது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “டீ போடட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் இறங்கு. மூட்டை கொண்டுவர வேண்டாம். நான் நிறுத்தத்தில் இருப்பேன். தோட்டத்துக்கு இல்லை, நேராக நிர்மலா வீட்டுக்கு. நீ சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடு. நீ முடித்ததும் நான் எழுந்து வந்துவிடப் பார்ப்பேன். என் கையைப் பிடித்து உட்கார வை.

கமலா